பஞ்சுப் பஞ்சமும் நிவாரணக் கூலியும்: லங்காஷயர், 1861–1865

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லங்காஷயர் மாவட்டமும் அதை ஒட்டிய செஷயர், டெர்பிஷயர் பகுதிகளும் 1861 முதல் 1865 வரை பட்ட துன்பத்தை வரலாற்றாசிரியர்கள் பஞ்சுப் பஞ்சம் என்று குறிப்பிடுகின்றனர். அந்த ஆண்டுகளில் அங்கே உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்படவில்லை. ரொட்டியும் உருளைக்கிழங்கும் கடைகளில் வழக்கம்போலக் கிடைத்துக்கொண்டிருந்தபோதே, அவற்றை வாங்குவதற்கான கூலி லட்சக்கணக்கான வீடுகளில் இல்லாமற்போயிற்று. அன்றைய பிரிட்டனின் பஞ்சாலைகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களில் பெரும்பாலானோர் இந்த ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தனர், பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆலைகளுக்குத் தேவைப்பட்ட பஞ்சில் ஏறத்தாழ 80 விழுக்காடு, அடிமைகளின் உழைப்பில் விளைந்து, அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து லிவர்பூல் துறைமுகம் வழியாக வந்தது. ஒரே பயிரை ஒரே நாட்டிலிருந்து வரவழைத்து, அதை நூற்று நெய்வதைத் தவிர வேறு தொழில் அதிகம் இல்லாத ஊர்களை வரிசையாக எழுப்பிய ஒரு பொருளாதாரம், அந்த வரத்து நின்றால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்காமலே அறுபது ஆண்டுகளாக வளர்ந்திருந்தது.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் தென்மாநிலத் துறைமுகங்களைக் கடற்படையால் முற்றுகையிட ஆணையிட்டார். தென்மாநிலத்தாரும், பஞ்சு கிடைக்காவிட்டால் பிரிட்டன் தங்களைத் தனி நாடாக ஏற்றே தீரும் என்று கணக்கிட்டு, தொடக்கத்தில் தாமாகவே ஏற்றுமதியை நிறுத்திவைத்தனர். ஆயினும் ஆலைகள் மூடப்பட்டதற்குப் போர் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1859, 1860 ஆகிய இரு ஆண்டுகளிலும் லங்காஷயர் தன் வரலாற்றில் இல்லாத அளவுக்கு நூலும் துணியும் உற்பத்தி செய்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பியிருந்தது. 1861-இன் முற்பகுதியில் அச்சரக்கு விற்காமல் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது. போர் வராமல் இருந்திருந்தாலும் ஆலைகள் வேலை நேரத்தைக் குறைத்திருக்கும் என்பது பிற்காலப் பொருளாதார வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. போரின் விளைவாகப் பஞ்சின் விலை ஏற, பழைய விலைப் பஞ்சில் நெய்து கிடங்கில் வைத்திருந்த துணியின் மதிப்பும் கூடவே ஏறியது. கையிருப்பு வைத்திருந்த பெரிய முதலாளிகளுக்கு அது எதிர்பாராத ஆதாயம். ஆலைகள் பஞ்சின்றி நின்ற மாதங்களிலும் லிவர்பூலிலிருந்து பஞ்சு வெளிநாடுகளுக்கு மறுஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது என்பது, வேலையிழந்தவர்களின் துயரையும் பஞ்சுச் சந்தையின் கணக்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதைக் காட்டும்.

வேலை போவதற்கு முன்பே கூலி போகத் தொடங்கிற்று. 1861 இலையுதிர்காலத்திலிருந்து ஆலைகள் குறைநேர வேலைக்கு, அதாவது வாரத்தின் ஆறு நாள்களுக்குப் பதில் நான்கு, பின்னர் மூன்று நாள்கள் மட்டும் இயந்திரத்தை ஓட்டும் முறைக்கு மாறின. நெசவாளர்களுக்கு நாள் கணக்கில் கூலி கிடையாது. நெய்த துணியின் அளவுக்கே கூலி என்பதால், நான்கு விசைத்தறிகளைக் கவனித்துவந்த பெண்ணுக்கு இரண்டு தறி மட்டும் தரப்பட்டால், அவர் முழு நேரமும் ஆலையில் நின்றாலும் பாதிக் கூலியோடு வீடு திரும்பினார். 1862 நவம்பர் இறுதியில் முழுநேர வேலை இருந்தவர்கள் சுமார் 1,20,000 பேர். குறைநேர வேலையில் இருந்தவர்கள் சுமார் 1,65,000 பேர். வேலையே இல்லாதவர்கள் ஏறத்தாழ 2,47,000 பேர். குறைநேர வேலையில் இருந்தவர்கள் வேலையுள்ளோர் கணக்கில் சேர்ந்ததால் உதவி பெறுவதில் அவர்களுக்குத் தடை இருந்தது. வாழப் போதுமான கூலியும் அவர்களுக்கு இல்லை.

கிடைத்த வேலையின் தன்மையும் மாறிவிட்டது. அமெரிக்கப் பஞ்சுக்கு மாற்றாக வந்ததில் பெரும்பகுதி இந்தியப் பஞ்சு. மேற்கிந்தியாவிலிருந்து கப்பலேறிய பஞ்சு அனைத்தையும் லிவர்பூல் வணிகர்கள் சூரத் என்ற பொதுப்பெயரால் அழைத்தனர். இழை குட்டையாகவும், இலைத்தூளும் மண்ணும் கலந்ததாகவும் இருந்த அப்பஞ்சை, நீண்ட இழைக்கென அமைந்த இயந்திரங்களில் நூற்றபோது நூல் ஓயாமல் அறுந்தது. மியூல் எனப்படும் பெரிய நூற்பு இயந்திரத்தை ஓட்டும் நூற்பாளர், அறுந்த இழைகளை முடிச்சிட்டு இணைக்கும் சிறுவர்களுக்குத் தம் கூலியிலிருந்தே சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது ஆலை வழக்கம். எனவே நூல் அறுவதால் உற்பத்தி குறைந்தபோது அவருடைய வரவு சுருங்கியது, சிறுவர்களுக்கான செலவு சுருங்கவில்லை. தறியில் நின்றவர்களுக்கோ பாவு அறுந்து அறுந்து துணியில் குறை விழ, அதற்கான அபராதமும் சேர்ந்தது. நொய்ந்த பாவு தறியின் அடியைத் தாங்குவதற்காக, வழக்கமான கஞ்சியோடு சீனக் களிமண்ணைக் கலந்து பூசும் வழக்கம் பரவியது. அந்தக் களிமண் தூளாக உதிர்ந்து நெசவுக்கூடத்தின் காற்றில் நிறைந்தது. பஞ்சம் தீர்ந்த பிறகும் முதலாளிகள் இந்த வழக்கத்தைக் கைவிடாததால், களிமண் எடையேறிய லங்காஷயர் துணி இந்தியக் கடைகளில் பல ஆண்டுகள் விற்கப்பட்டது. ஆலை ஆய்வாளர் அலெக்சாண்டர் ரெட்கிரேவ் இக்காலத்தில் எழுதிய அறிக்கைகளில், சூரத் பஞ்சில் வேலை செய்தவர்களின் கூலி முன்பிருந்ததில் ஒரு பகுதியாகச் சுருங்கியதும், அதிலிருந்தும் முதலாளியின் வீட்டில் குடியிருந்தமைக்கான வாடகை கழிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளன. கார்ல் மார்க்ஸ் மூலதனம் நூலின் மூன்றாம் தொகுதியில் இந்நெருக்கடியை விவரிக்க எடுத்துக்கொண்ட சான்றுகள் இவையே.

கூலி குறைந்த குடும்பங்கள் முதலில் நாடியது வெளியார் உதவியை அல்ல, தம் சொந்தச் சேமிப்பைத்தான். லங்காஷயர் தொழிலாளர் இங்கிலாந்தின் ஏனைய உழைப்பாளரைவிடச் சேமிப்பில் முந்தியிருந்தனர். ராச்டேல் நகரில் 1844-இல் நெசவாளரும் பிறரும் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை, வாங்கும் அளவுக்கேற்ப உறுப்பினருக்கு ஆதாயத்தைப் பகிர்ந்தளிக்கும் முறையால் புகழ்பெற்று, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் முன்மாதிரியாகியிருந்தது. அந்த ஆதாயத்தை எடுக்காமல் விட்டுவைத்தவர்களுக்கு அது ஒரு சிறு வைப்பாக நின்றது. நலச் சங்கங்கள், அதாவது நோய்க்கும் ஈமச் செலவுக்குமென வாரந்தோறும் சில பென்சு கட்டிவந்த குழுக்கள், ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. 1862-இன் முதல் பாதியில் இவை யாவும் கரைந்தன. பின்னர் வீட்டுப் பொருள்கள் அடகுக் கடைக்குச் சென்ற வரிசை, துயரத்தின் ஆழத்தை அளந்து காட்டுவதாக இருந்தது: சுவர்க்கடிகாரமும் அறைகலன்களும் முதலில் போயின, ஞாயிற்றுக்கிழமை உடை அதற்கடுத்துப் போயிற்று, குளிர்காலம் தொடங்கும் வேளையில் போர்வையும் படுக்கையும் போயின. ஞாயிறு உடை அடகில் இருந்ததால் தேவாலயத்துக்குச் செல்வதை நிறுத்தியவர்கள் பலர். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே வீட்டில் ஒண்டிக்கொண்டு மற்ற வீடுகளைக் காலிசெய்ததால், ஆலை ஊர்களில் பூட்டிய வீடுகள் தெருக்கணக்கில் நின்றன. மான்செஸ்டர் நாளிதழ் ஒன்றுக்காக 1862-இல் வீடு வீடாகச் சென்று எழுதிய எட்வின் வா, பிரஸ்டன், பிளாக்பர்ன், விகன் ஆகிய ஊர்களில் கண்டவற்றைக் கட்டுரைத் தொடராக்கினார்; உதவி கேட்கக் கூசிப் பட்டினியை மறைத்தவர்களைப் பற்றிய பகுதிகளே அத்தொடரில் அழுத்தமானவை. ஸ்டேலிபிரிட்ஜில் விசைத்தறி வேலையை இழந்த சாமுவேல் லேகாக், வட்டார வழக்கில் பாடல்கள் எழுதி அச்சிட்டுப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். வேலையற்ற ஆலைத் தொழிலாளர் குழுவாகச் சேர்ந்து நகர வீதிகளில் தேவாலயப் பாடல்களைப் பாடிச் சில்லறை பெறுவதும் அக்காலத்தில் வழக்கமாயிற்று; பாடுவதற்குக் கிடைத்த காசு பிச்சை ஆகாது என்பது அவர்கள் கொண்ட கணக்கு.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, அன்றைய ஏழையர் சட்டத்தை அறிய வேண்டும். 1834-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் உயிர்நாடி, உதவி பெறுபவரின் நிலை சொந்த உழைப்பில் வாழும் கடைசிக் கூலியாளின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்ற விதியாகும்; இல்லாவிட்டால் எவரும் உழைக்க வர மாட்டார்கள் என்பது அதை இயற்றியவர்களின் நம்பிக்கை. ஏழையர் இல்லம் எனப்பட்ட, சிறைக்கு நிகரான விடுதிக்குள் குடும்பத்தைப் பிரித்து அடைப்பது அச்சட்டத்தின் முதன்மைக் கருவி. லட்சக்கணக்கானோரை அவ்வாறு அடைக்க இடமில்லாத நிலையில், வெளியில் உதவி தருவதற்கு உழைப்புச் சோதனை என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. கல் உடைப்பதும், பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நாராக்குவதும் அந்தச் சோதனைகள். அவ்வேலைகளால் எவருக்கும் பெரிய பயன் கிடையாது, உதவி கேட்பவர் உண்மையிலேயே வேறு வழியற்றவரா என்று பார்ப்பதற்காகவே அவை ஏற்பட்டன. நுண்ணிய இழையை விரல்நுனியால் உணர்ந்து பழகிய நூற்பாளர், கல் உடைத்துக் காய்த்துப்போன கையோடு மீண்டும் மியூல் முன் நிற்க முடியாது என்று முறையிட்டதைச் சோம்பல் என்று கொள்வதற்கில்லை. கைத்திறன் ஒன்றே அவருடைய சொத்து. இச்செலவுக்கான ஏழையர் வரியோ அந்தந்த ஊரின் வீடு, நிலம் உடையோரிடமே வசூலிக்கப்பட்டதால், வாடகை வராத சிறு வீட்டுக்காரரும் கடன் சரக்கு கொடுத்து நொடித்த மளிகைக் கடைக்காரரும் தாமே வரி கட்ட முடியாமல் உதவி கேட்கும் நிலைக்கு நெருங்கினர். 1862-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், ஓர் ஊரின் சுமையைப் பக்கத்து வட்டாரங்களும் பகிர்ந்துகொள்ளவும் ஏழையர் சட்டத்தை நடத்திய வாரியங்கள் கடன் பெறவும் வழிசெய்து இந்நெருக்கடியை ஓரளவு தணித்தது.

சட்டம் எட்டாத இடத்தை நன்கொடைக் குழுக்கள் நிரப்பின. லண்டன் மேயர் திரட்டிய நிதியும், டெர்பி பிரபுவின் தலைமையில் மான்செஸ்டரில் இயங்கிய மத்திய நிவாரணக் குழுவும் பெரும்பொருளைச் சேர்த்தன. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களும் இந்தியாவின் துறைமுக நகரங்களும் அதற்குப் பணம் அனுப்பின. 1862 டிசம்பரில், ஏழையர் வாரியங்களிடமோ இக்குழுக்களிடமோ உதவி பெற்றவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 5 லட்சத்தைத் தொட்டது. தலைக்கு வாரம் சுமார் 2 ஷில்லிங் என்பது பொதுவான அளவு. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். நல்ல நாளில் ஒரு தேர்ந்த நூற்பாளர் வாரத்தில் ஒரு பவுண்டுக்கு மேல் ஈட்டியிருப்பார்.

மத்தியக் குழு, கல் உடைப்பதற்கு மாற்றாகப் பள்ளியில் அமர்வதை நிபந்தனையாக்கியது. இந்த நெருக்கடி கண்ட ஏற்பாடுகளில் உண்மையிலேயே புதியது இதுதான். பெண்களுக்கான தையல் பள்ளிகளில் ஆடைகள் தைக்கக் கற்பிக்கப்பட்டதோடு, தைத்த ஆடைகள் ஏழையருக்கே மலிவாகத் தரப்பட்டன. பத்து வயதிலிருந்து ஆலையில் நின்று, ஊசியைக் கையாளவே தெரியாமல் வளர்ந்த பெண்கள் அங்கே ஏராளம். ஆண்களுக்கான பள்ளிகளில், நடுத்தர வயதைக் கடந்த நெசவாளர்கள் பலகையில் எழுத்துக் கூட்டினர். பல்லாயிரம் பேர் இவ்வாறு படித்தனர். படிப்பிற்கு ஊதியம் தருவது என்ற கருத்தை அன்றைய இங்கிலாந்து வேறு எந்தச் சூழலிலும் ஏற்றிருக்காது. ஆயினும் இதை நடத்தியவர்கள் அதைக் கூலி என்று கருதவில்லை, ஒழுங்கைக் காக்கும் கருவி என்றே கருதினர். பள்ளிக்குச் சென்றவர்களோ, நாள் முழுதும் இருந்து ஈட்டிய காசு என்பதால் அதைக் கூலி என்றே எண்ணினர். இந்த வேறுபாடு 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜ் நகரில் வெடித்தது.

அந்நகரின் குழு, பள்ளிக்கு வரும் ஆண்களுக்குத் தந்துவந்த வாரம் 3 ஷில்லிங் 4 பென்சை 3 ஷில்லிங்காகக் குறைத்ததோடு, அதையும் இனிக் காசாகத் தராமல், குறிப்பிட்ட கடைகளில் மளிகை வாங்குவதற்கான சீட்டாகத் தருவதென முடிவு செய்தது. குறைந்தது 4 பென்சுதான். ஆனால் சீட்டு என்ற ஏற்பாடு லங்காஷயர் தொழிலாளரின் பழைய காயத்தைக் கீறியது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை பல முதலாளிகள் கூலியைப் பணமாகத் தராமல், தங்கள் சொந்தக் கடையின் சரக்காகத் தந்து இருபுறமும் ஆதாயம் பார்த்தனர். நெடிய போராட்டத்துக்குப் பின் 1831-இல்தான் சட்டம் அதைத் தடை செய்தது. காசு கையில் இருந்தால் வாடகைக்குக் கொஞ்சம், நிலக்கரிக்குக் கொஞ்சம், அடகு வட்டிக்குக் கொஞ்சம் என்று இல்லத்தரசி பிரித்துக்கொள்வாள். சீட்டோ அந்த உரிமையைப் பறித்து, குடும்பம் என்ன உண்ண வேண்டும் என்பதையும் குழுவே தீர்மானிக்கச் செய்தது, தெருவே பார்க்கக் கடையில் நீட்டவும் வைத்தது. சீட்டை ஏற்க மறுத்த கூட்டம் குழுவினரைக் கல்லால் அடித்தது, நிவாரணக் கிடங்கை உடைத்து ஆடைகளை அள்ளிச் சென்றது. கூட்டம் கலைய வேண்டும் என எச்சரிக்கும் கலகச் சட்டம் வாசிக்கப்பட்டு, மான்செஸ்டரிலிருந்து குதிரைப்படை வரவழைக்கப்பட்டது. கொந்தளிப்பு ஆஷ்டன் முதலிய பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. கைதானவர்களில் அயர்லாந்து வழியினர் மிகுதி என்பதைச் சுட்டி, இது அயர்லாந்துக்காரரின் இயல்பான முரட்டுத்தனம் என்று பத்திரிகைகள் எழுதின. 4 பென்சு குறைத்ததன் நியாயத்தைப் பற்றி அவை அவ்வளவாக எழுதவில்லை.

கலவரத்தின் எதிரொலி லண்டனில் கேட்டது. வேலையற்றோரைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனை வலுத்தது. அதற்கு எதிர்ப்பு வந்த திசை வியப்புக்குரியது. மான்செஸ்டர் வணிகர் மன்றத்தின் தலைவராக இருந்த எட்மண்ட் பாட்டர், 1863 மார்ச்சில் டைம்ஸ் இதழுக்கு எழுதிய கடிதத்தில், பயிற்சி பெற்ற தொழிலாளர் உயிருள்ள இயந்திரங்கள் போன்றவர்கள், அவர்களை இழந்தால் பஞ்சு திரும்பி வரும்போது ஆலை திரும்பி ஓடாது என்று வாதிட்டு, அரசு கடன் கொடுத்து அவர்களை அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்று கோரினார். மூலதனத்தின் முதல் தொகுதியில் மார்க்ஸ் இக்கடிதத்தை விரிவாக எடுத்தாண்டு கிண்டல் செய்தது பலரும் அறிந்ததே. ஆலையைப் பூட்டியபோது தன் பொறுப்பல்லாதவராகத் தோன்றிய தொழிலாளர், ஊரைவிட்டுப் போகப் புறப்பட்டபோது முதலாளியின் சொத்தாகத் தோன்றினர்.

அரசு 1863 ஜூலையில் எடுத்த முடிவு, பாட்டர் கேட்ட திசையிலேயே, ஆனால் அவர் எண்ணியதைவிடச் சிறந்த வடிவில் அமைந்தது. தொழில் மாவட்டங்களின் பொதுப்பணிச் சட்டம் எனப்படும் அச்சட்டம், நகராட்சிகள் சாக்கடை, குடிநீர், சாலை, பூங்கா ஆகியவற்றை அமைக்க முதலில் 12 லட்சம் பவுண்டு வரை குறைந்த வட்டியில், நீண்ட காலத் தவணையில் கடன் வழங்கியது. பொறியாளர் ராபர்ட் ராலின்சன் இதை மேற்பார்வையிட்டார்; கிரிமியப் போர்க்களத்தின் துப்புரவு ஆணையத்தில் பணியாற்றி, சாக்கடைக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பை நேரில் கண்டவர் அவர். இச்சட்டத்தின் கீழ் நடந்தவை சோதனை வேலைகள் அல்ல. நகருக்கு உண்மையாகவே தேவைப்பட்ட பணிகள், அவற்றுக்குச் செய்த வேலையின் அளவுக்குக் கூலி. நேரடியாக வேலை பெற்ற ஆலைத் தொழிலாளர் எந்த நேரத்திலும் சில ஆயிரம் பேரைத் தாண்டவில்லை என்பதால், வேலையின்மையை இச்சட்டம் தீர்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பெண்களுக்கு இதில் இடமே இல்லை. ஆனால் நெசவாளரால் மண்வெட்டி பிடிக்க முடியாது என்ற பேச்சை அது பொய்யாக்கியது. பழகிக்கொள்ளச் சில வாரங்கள் தரப்பட்டபோது அவர்கள் பழகிக்கொண்டனர். ஓல்டாமின் அலெக்சாண்ட்ரா பூங்காவும் பிரஸ்டனின் பூங்காக்களும் ராச்டேலுக்கு மேலே உள்ள மேட்டுநிலத்தின் கல்பாவிய சாலையும் பஞ்சுப் பஞ்சத் தொழிலாளரின் கைவேலையாக இன்றும் இருக்கின்றன.

இக்காலத்தைப் பற்றிய பொதுநினைவில் வேறொரு நிகழ்ச்சிதான் முன்னிற்கிறது. 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் சுதந்திர வணிக மண்டபத்தில் கூடிய தொழிலாளர், பஞ்சு வராவிட்டாலும் அடிமை ஒழிப்பையே ஆதரிப்பதாக லிங்கனுக்கு மடல் அனுப்பினர். அடுத்த மாதம் லிங்கன் நெகிழ்ந்து பதில் எழுதினார், ஜார்ஜ் கிரிஸ்வால்ட் என்ற கப்பல் அமெரிக்க மாவை ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்கு வந்தது. இவை நடந்தவையே. எனினும் லங்காஷயர் முழுவதும் ஒரே குரலில் பேசியதாகக் கொள்ள இயலாது. முற்றுகையைப் பிரிட்டன் உடைக்க வேண்டும் என்று கோரிய கூட்டங்கள் பல ஆலை ஊர்களில் நடந்ததை மேரி எலிசன் 1972-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. பட்டினி கிடந்தவர்கள் எல்லோரையும் அறத்தின் வடிவங்களாக்கிய நினைவு, அவர்கள் தம் கூலிக்காகப் போராடியதை மறைத்துவிட்டது.

பஞ்சுப் பஞ்சத்தின் மறுபக்கம் இந்தியாவில் செல்வமாக வந்திறங்கியது. அமெரிக்காவை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை உணர்ந்த ஆங்கில அரசு 1840-களிலேயே தாவரவியலாளர் ராபர்ட் வைட்டைக் கோயம்புத்தூரில் அமர்த்தி, அமெரிக்கப் பருத்தி வகைகளைப் பயிரிட்டுப் பார்த்தது. அம்முயற்சி பெரிய பலன் தரவில்லை. போர் தொடங்கிய பின் 1862-இல் டால்பாய்ஸ் வீலர் சென்னை மாகாணத்தின் பருத்திச் சாகுபடி குறித்து ஒரு கையேட்டை வெளியிட்டதும் இதே தேவையால்தான். திருநெல்வேலிக் கரிசலில் விளைந்த பஞ்சு, சூரத் சரக்கைவிடத் தரமானதென்று பெயர்பெற்று, தூத்துக்குடியில் தோணிகள் மூலம் ஆழ்கடலில் நின்ற கப்பல்களுக்குச் சென்றது. பம்பாயில் குவிந்த பஞ்சுப் பணம் பங்குச் சூதாட்டமாகப் பெருகி, 1865-இல் அமெரிக்கப் போர் முடிந்து விலை சரிந்ததும் வங்கிகளோடு சேர்ந்து வீழ்ந்தது. இந்த விலையேற்றத்தால் நாட்டு நெசவாளர் அடைந்த நட்டத்தைப் பற்றி எவரும் நிதி திரட்டவில்லை. பஞ்சின் விலை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தபோது, கையால் நூற்ற நூலை வாங்கி நெய்தவர்களுக்கு முதல் முடங்கிற்று. துணியின் விலையை அதே அளவு உயர்த்தினால் வாங்குவோர் இல்லை. லங்காஷயரில் ஆலை நின்ற அதே ஆண்டுகளில் தமிழக ஊர்களிலும் தறிகள் நின்றன.

பஞ்சுப் பஞ்சம் ஓய்ந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1876-78-இல் தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் தாக்கியபோது, வேலையற்றோருக்கு எப்படிக் கூலி தருவது என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. இந்திய அரசின் பிரதிநிதியாக 1877 ஜனவரியில் சென்னைக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைகளில் கூட்டம் மிகுந்திருப்பதாகக் கண்டு, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் 1 அணாவும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். வீட்டுக்கு அருகில் வேலை கிடைத்தால் தேவையில்லாதவரும் வருவர் என்று கருதி, தொலைவில் சென்று தங்கினால் மட்டுமே வேலை என்ற நிபந்தனையும் வைக்கப்பட்டது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், மண் சுமக்கும் உடலுக்கு இவ்வளவு தானியம் போதாது, பருப்பும் காய்கறியும் இல்லாமல் உயிர் நிற்காது என்று அலுவல்முறையில் எழுதி எழுதிப் போராடினார். சில மாதங்களுக்குப் பின் சென்னை அரசு அளவை ஓரளவு உயர்த்தியது. பம்பாய் மாகாணத்தில் குறைந்த கூலியை ஏற்க மறுத்து நிவாரண வேலையாட்கள் கூட்டமாகப் பணியைவிட்டு வெளியேறினர். லங்காஷயரில் 1863-லேயே மாற்று காணப்பட்ட சோதனை முறை, இங்கே வாக்குரிமை உள்ள வரிசெலுத்துவோர் இல்லாத நிலையில், தன் முழுக் கடுமையோடும் செயல்பட்டது. தென்னிந்தியாவில் இறந்தோர் தொகை 50 லட்சத்தைத் தாண்டியதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. லண்டன் மேயர் 1877-இல் இதற்கெனத் திரட்டிய நிதிக்கு லங்காஷயரின் ஆலை ஊர்களும் கணிசமான பணம் அனுப்பின.

அப்பஞ்சத்தில் நெசவாளரின் நிலை தனிக் கவனம் பெற்றது. விளைச்சல் பொய்த்ததும் முதலில் நிற்பது துணி வாங்குவதுதான் என்பதால் உழவருக்கு முன்பே நெசவாளர் வேலையிழந்தனர். நிழலில் அமர்ந்து தறி இயக்கிய உடல் வெயிலில் கல் உடைக்கத் தாங்காது, காய்ப்பேறிய கை மீண்டும் இழைக்கு உதவாது என்று லங்காஷயர் நூற்பாளர் சொன்ன அதே காரணத்தை அவர்களும் சொன்னார்கள். விலைபோகாத துணி அரசின் கிடங்கில் தேங்கும் என்ற தயக்கம் அதிகாரிகளிடம் இருந்தது. 1880-இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையத்தைத் தொடர்ந்து மாகாணங்கள் வகுத்துக்கொண்ட பஞ்ச விதித்தொகுப்புகளில், நெசவாளருக்கு அவர்களுடைய தொழிலிலேயே நிவாரணம் தர வழி ஏற்பட்டது. அரசே நூலை வாங்கிக் கொடுத்து, நெய்த துணியை எடுத்துக்கொண்டு, கூலியைக் காசாகத் தரும் இந்த ஏற்பாட்டைச் சென்னை மாகாணம் அடுத்து வந்த பஞ்சங்களில் விரிவாகக் கையாண்டது; கூலி மட்டும் வழக்கமான நெசவுக் கூலியைவிடக் குறைவாகவே வைக்கப்பட்டது.